கூரையில் செருகிய சோறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி, அருள்வாக்கு என்று யாராவது வாய் திறந்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். வேண்டுமென்றால் சுவிஸில் ஷ்லீரன் என்கிற ஊரில் எங்கள் கட்டடத்தில் இருக்கிற தமிழ்ச் சனத்தைக் கேட்டுப் பாருங்கள். நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தில். அங்கே யாராவது இறந்துபோனால் அந்த அறையைத் துப்புரவாக்கி அடுத்தவருக்கு ஆயத்தம் செய்வது என் பொறுப்பு. உயிர் வெளியே போகட்டும் என்று சுவிஸ்காரத் தாதிமார் ஜன்னலைத் திறந்து வைத்திருப்பார்கள், நான் போனதும் முதல் வேலையாக அதைச் சாத்துவேன், போக வேண்டியது இவ்வளவு நேரத்துக்குப் போயிருக்கும், அறைச் சூட்டை ஏன் வீணாக்க வேண்டும் என்று. எத்தனையோ வருடமாக அந்த அறைகளில் தனியாக நின்றிருக்கிறேன், ஒரு நிழல்கூட என்னை எட்டிப் பார்த்ததில்லை. அதனால் இப்போது சொல்லப்போவதை நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் அது உங்கள் பாடு. ஒரு சொல்லையும் நான் குறைக்கப்போவதில்லை.

என் தம்பி தயாளனை 2009 மே மாதத்திலிருந்து காணவில்லை. வன்னியில், கடைசிச் சண்டை நடந்த பக்கம். காணவில்லை என்றுதான் சொல்கிறேன், கவனியுங்கள். என் கணவர் அப்படிச் சொல்லமாட்டார். முதல் இரண்டு மூன்று வருடம் அவரும் என்னோடு சேர்ந்து தேடினார், செஞ்சிலுவைக்கு எழுதினார், சிறையிலிருந்து வெளியே வந்தவர்களை எல்லாம் பிடித்து விசாரித்தார். பிறகு அவருக்கு அலுத்துவிட்டது. தயாவுக்கு அந்தியேட்டி செய்ய வேண்டும், இறந்தவரை முறைப்படி வழியனுப்புகிற கிரியை, அதைச் செய்யாமல் விட்டதால்தான் வீட்டில் ஒன்றும் சரிவருவதில்லை என்று தொடங்கினார்.

"இஞ்சாரும், அந்த ஆத்மா அலையுது. பிள்ளைக்கு வாற சம்பந்தமெல்லாம் ஏன் தட்டிப்போகுது எண்டு நினைக்கிறீர்?"

"உங்கடை பிள்ளை வாற மாப்பிள்ளையளை எல்லாம் வேண்டாம் எண்டு சொல்லுறாள். அதுக்கு என்ரை தம்பி என்னப்பா செய்வான்?"

இப்படியே எத்தனை நாள் சண்டை பிடிப்பது சொல்லுங்கள். ஒரு நாள் வேலையால் களைத்து வந்து கதிரையில் விழுந்த நேரம் அவர் திரும்பவும் தொடங்க, சரி, செய்யுங்கோ என்று சொல்லிவிட்டேன். அவர் அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்தவர்போல அடுத்த நாளே பேர்ண் நகரத்துக் கோயிலுக்குப் போன் எடுத்து ஐயரிடம் நாள் குறித்துவிட்டார். என் விடுமுறை முடிந்து வந்த கிழமை கிரியை. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த விடுமுறையில் நடந்ததுதான் கதை. என் மகள் அபிரா பேர்ணில் ஒரு சிறிய பயண நிறுவனத்தில் வேலை செய்கிறாள். சுவிஸ்காரர்களைச் சின்னக் குழுவாக மத்திய ஆபிரிக்காவுக்குக் கூட்டிப்போய், காட்டோடு வாழ்கிற மக்களுடன் சில நாள் தங்கவைத்து, திரும்பக் கூட்டிவருவது அவள் வேலை. அந்த முறை குழுவில் ஒரு பெண் கடைசி நேரத்தில் காலை முறித்துக்கொண்டாள். இடம் சும்மா கிடக்கிறது, வாங்கோ அம்மா என்று நின்றாள்.

"இலைக் குடிலிலை படுத்து, ஆத்துத் தண்ணி அள்ளிக் குளிக்கிறதுக்கு ஆக்கள் காசு குடுத்துப் போகினமோ? நான் உதிலையிருந்து தப்பித்தானே பிள்ளை இஞ்சை ஓடி வந்தனான்" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். ஆனாலும் போனேன், ஏனென்றால் வீட்டில் இருந்தால் சுவரில் தொங்குகிற நாட்காட்டியில் இவர் சிவப்புப் பேனையால் போட்ட வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெட்டியில் சிவப்பரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், ஒரு போத்தல் மோர்மிளகாய். அங்கே என்ன தருவார்களோ என்று யாரை நம்புவது?

கமரூனின் தென்கிழக்கு மூலை அது. தலைநகர் யாவுண்டேயிலிருந்து சிவந்த மண் ரோட்டில் மரம் ஏற்றுகிற லொறிகளின் புழுதியைக் குடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். அங்கே இருப்பவர்கள் பாக்கா மக்கள். பெரிய பெரிய காட்டு இலைகளை ஓடுபோல அடுக்கிப் பெண்களே குடில் கட்டுகிறார்கள், கவிழ்த்து வைத்த சட்டிபோல இருக்கும், உள்ளே போகக் குனிய வேண்டும். எங்களோடு வந்த வழிகாட்டி எத்தியேன் அந்த நாட்டுக்காரர், அவர்கள் சொல்வதைப் பிரெஞ்சில் சொல்வார், அபிரா அதை ஜெர்மனில் குழுவுக்கும் தமிழில் எனக்கும் சொல்வாள். குழுவில் ஃபிரவ் கெர்பர் என்று ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கையில் பெரிய கமரா. நல்ல மனுசிதான். ஆனால் அவர் ஒரு தாயும் பிள்ளையும் இருக்கிற பக்கம் கமராவைத் தூக்கும்போதெல்லாம் நான் மற்றப் பக்கம் திரும்பிவிடுவேன், நாங்கள் அகதி முகாமில் வரிசையில் நின்ற காலத்தில் எங்களையும் இப்படித்தான் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். நான் குழுவோடு திரியாமல் பெண்கள் இருந்த பக்கம் போய்க் குந்திக்கொண்டேன்.

அங்கே நோயெலா என்று ஒருத்தி, என் வயதுதான் இருக்கும். முன்பற்களைக் கூராக்கி வைத்திருப்பாள், வாயில் எப்போதும் புகைகிற ஒரு சுங்கான், இருந்த இடத்திலிருந்தே முகாம் முழுவதையும் ஏசுவாள். எனக்குக் கண்டவுடனேயே பிடித்துப்போனது. ஒருத்தருக்கும் மற்றவர் பாஷை தெரியாது, ஆனாலும் நாள் முழுக்கக் கதைத்தோம், அதாவது அவள் தன் பாட்டுக்குச் சொல்வாள், நான் என் பாட்டுக்கு ஓம் ஓம் என்பேன்.

சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமையில் நான் மரக்கறிதான், சாப்பிட முதல் காகத்துக்கு இரண்டு பிடி சோறு வைப்பேன், ஒன்று அப்பாவுக்கு, மற்றது அம்மாவுக்கு. உடனே சிரிக்காதீர்கள், அது நம்பிக்கை இல்லை, பழக்கம், பல் தீட்டுவதுபோல. ஷ்லீரனில் பல்கணியில் வைப்பேன், கீழ்வீட்டுக்காரி முறைப்பாடு எழுதுவாள், நான் திரும்பவும் வைப்பேன். அன்றைக்கு மத்தியானம் நோயெலாவின் அடுப்பில் என் அரிசியைப் போட்டுச் சமைத்து, ஒரு இலையில் சோற்றை எடுத்துக்கொண்டு முகாமின் ஓரத்துக்குப் போனேன்.

"அம்மா, இஞ்சை காகம் வராது" என்றாள் அபிரா.

"ஏதோ ஒண்டு வந்து தின்னும், நீ சும்மா இரு."

வைத்துவிட்டுத் திரும்பினால் நோயெலா எனக்குப் பின்னால் நிற்கிறாள். ஏதோ கேட்டாள், ஏசுகிற குரலில்தான். எத்தியேன் வந்து, அபிரா வந்து, கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது. இது யாருக்கு?

"செத்தவைக்கு. என்ரை அப்பாவுக்கும் அம்மாவுக்கும்."

நோயெலா நிலத்தைக் காட்டினாள். மற்றது யாருக்கு என்று கேட்டாள். அப்போதுதான் நான் பார்த்தேன். இலையில் மூன்று பிடி இருந்தது. எத்தனையோ வருடமாக இரண்டு வைத்த கை, அன்றைக்கு மூன்று வைத்திருக்கிறது, எனக்கு வைத்த நினைவே இல்லை. இவர் பேர்ணில் செய்யப்போகிற காரியத்தை என் கை காட்டுக்குள் வந்து முந்திச் செய்துவிட்டது.

"மாமாவுக்கு" என்று அபிரா மெதுவாகச் சொன்னாள். நான் தடுப்பதற்குள் எத்தியேன் அதை நோயெலாவிடம் சொல்லிவிட்டார். நோயெலா திருப்பி ஒன்று கேட்டாள், அபிரா அதைத் தமிழில் சொல்லக் கொஞ்சம் தயங்கினாள்.

"அவர் செத்ததைக் கண்டனீங்களோ எண்டு கேக்கிறா அம்மா."

"இல்லை."

"காணாத ஆளுக்கு ஏன் நிலத்திலை வைக்கிறீங்கள் எண்டு கேக்கிறா."

ஐயர் கேட்காத கேள்வி அது, என் புருசன் கேட்காத கேள்வி, கொழும்பில் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியபோது ஒருவரும் கேட்காத கேள்வி. நோயெலா என் கையைப் பிடித்துத் தன் குடிலுக்குள் இழுத்துக்கொண்டு போனாள், எத்தியேனும் அபிராவும் பின்னால் வந்தார்கள். வாசலுக்கு மேலே, உள்பக்கமாக, கூரை இலைகளுக்குள் சின்னச் சின்ன இலைப் பொதிகள் செருகியிருந்தன. காலையில் தேன் எடுக்கக் காட்டுக்குப் போன ஆண்களின் பங்குகள் அவை. போன ஆள் வரும்வரை அவன் பங்கு கூரையில் இருக்கும், நிலத்தில் இறங்காது. ஒரு பொதி மட்டும் தள்ளி இருந்தது. அது அவளுடைய புருசனுக்கு. மரக் கம்பனியில் வேலைக்கென்று கடற்கரைப் பட்டினத்துக்குப் போனவன், வருடக்கணக்காக ஆளும் இல்லை, செய்தியும் இல்லை. வேறு ஆளைப் பார் என்று முகாமில் எல்லோரும் சொல்கிறார்களாம், அவள் ஒவ்வொரு நாளும் பழைய பொதியை எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் புதியதைச் செருகுகிறாள். இது அவர்கள் எல்லோருடைய வழக்கமா, நோயெலாவின் வீட்டு வழக்கமா என்று எனக்குத் தெரியாது, நான் ஆராய்ச்சி செய்யப் போகவில்லை.

நான் வெளியே வந்து அந்த மூன்றாவது பிடியை அள்ளி எடுத்தேன். காகத்துக்கு வைத்ததைத் திரும்ப எடுக்கிறதா என்று ஊரில் கேட்டால் வாயில் அடித்துக்கொள்வார்கள். அடிக்கட்டும். பருப்பும் ஒரு மோர்மிளகாயும் வைத்துக் கொடுக்க, நோயெலா அதைப் புது இலையில் பொதிந்து, கொடி நாரால் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டு, தன் புருசனின் பங்குக்குப் பக்கத்தில் செருகினாள்.

அதன் பிறகு நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள். மற்றவர்கள் எல்லோரும் பெண்கள் மீன் பிடிக்கிறதைப் பார்க்க ஓடைக்குப் போய்விட்டார்கள். எனக்கு முழங்கால் நோ, போகவில்லை. நோயெலாவும் நானும் குடில் வாசலிலேயே இருந்தோம், அவள் கிழங்கு சீவினாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு நாய் எங்கள் காலடியில் கிடந்தது. நல்ல வெயில். அந்தக் குடிலுக்கு ஒரு வாசல்தான், அதை அடைத்துக்கொண்டு இரண்டு பெண்கள். ஒருவரும் உள்ளே போகவில்லை. வெயில் சாய்கிற நேரம் ஆண்கள் தேனோடு வந்தார்கள். நோயெலா உள்ளே போய் அவரவர் பொதியை எடுத்துக் கொடுத்தாள், கடைசியாக என்னுடையதை எடுத்துவந்து கையில் தந்தாள். பொதி பாரமில்லாமல் இருந்தது. முடிச்சு அவள் போட்டபடியே இருந்தது, அவள் பல்லால்தான் கடித்து அவிழ்த்தாள்.

உள்ளே சோறு இல்லை. துடைத்த இலை. ஓரத்தில் ஒரேயொரு கவளம், உருட்டி, நடுவில் பெருவிரலால் அமத்தின குழியோடு.

அது என்னவென்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சின்ன வயதில் தயா சாப்பிட்டு முடித்தால் கடைசிக் கவளத்தை உருட்டி, குழம்பு நிற்கட்டும் என்று பெருவிரலால் ஒரு குழி வைத்துத்தான் வீட்டு நாய்க்குப் போடுவான். பெரிய ஆளான பிறகும் விடவில்லை, கலியாண வீட்டுப் பந்தியிலும் செய்வான், அம்மா தொடையில் கிள்ளுவா. இதை நான் நோயெலாவுக்குச் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது, எந்தப் பாஷையில்? அவள் அந்தக் கவளத்தை எடுத்தாள், ஒன்றும் யோசிக்கவில்லை, காலடியில் கிடந்த நாய்க்குப் போட்டாள்.

நான் அழவில்லை. பயப்படவும் இல்லை. எனக்கு வந்தது கோபம், அப்படியொரு கோபம் அதற்கு முதல் எனக்கு வந்ததில்லை. எழும்பி முகாமின் ஓரத்துக்குப் போய் அந்த மரங்களைப் பார்த்துக் கத்தினேன்.

"டேய் தயா! வந்து சாப்பிடத் தெரியுது! அக்காவோடை ஒரு வார்த்தை கதைச்சிட்டுப் போகத் தெரியேல்லையோ? எங்கையடா இருக்கிறாய்? சொல்லன்ரா!"

ஓடையால் திரும்பி வந்த சுவிஸ்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். எங்கள் ஊர்ச் சடங்கு ஏதோ செய்கிறேன் என்று நினைத்து ஃபிரவ் கெர்பர் கமராவைத் தூக்கினார். நோயெலா போட்ட சத்தத்தில் அதைக் கீழே இறக்கினார்.

வீட்டுக்கு வந்த அன்றே இவரிடம் முழுவதையும் சொன்னேன். அவர் தேத்தண்ணியை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டு கேட்டார்.

"எலி திண்டிருக்கும்."

"எலி முடிச்சு அவிழ்க்காமல் திண்டு, மிச்சத்தை உருட்டிக் குழியும் வைக்குமோ?"

"அப்ப அந்த மனுசி ஏதோ கைவேலை காட்டியிருக்கிறா."

"என்ரை தம்பி நாய்க்கு என்னெண்டு சோறு உருட்டுறவன் எண்டு அவவுக்கு ஆர் சொன்னது? நீங்களோ?"

நான் கோயிலுக்குப் போன் எடுத்து, கிரியை இல்லை, ஆள் காட்டுக்குப் போயிருக்கிறார், வந்ததும் சொல்கிறோம் என்று ஐயரிடம் சொன்னேன். அவர் என்ன நினைத்தாரோ தெரியாது. இவர் என்னோடு பல நாள் பேசவில்லை, அவருடைய சகோதரி ரொறன்ரோவிலிருந்து போனில் எனக்கு விசர் பிடித்துவிட்டது என்றா, நான் ஓம் என்று சொல்லிப் போனை வைத்தேன். அன்றிலிருந்து எங்கள் குசினி ஜன்னலுக்கு மேலே, அகப்பை மாட்டுகிற கொளுக்கியில், வாழையிலையில் கட்டின ஒரு பொதி தொங்குகிறது. அடுத்த நாள் அதை இவருக்குச் சூடாக்கிக் கொடுப்பேன், முணுமுணுத்துக்கொண்டு சாப்பிடுவார். உள்ளதைச் சொல்ல வேண்டும், ஷ்லீரனில் ஒருநாளும் ஒன்றும் நடக்கவில்லை. வைத்த சோறு வைத்தபடியே இருக்கும். கட்டுக்கதை சொல்கிற ஆளாக இருந்தால் இந்த இடத்தில் நான் எவ்வளவோ சொல்லியிருக்கலாம்.

அடுத்த வருடம் அபிரா வேறொரு குழுவோடு அதே முகாமுக்குப் போய் வந்தாள். வந்து குசினி மேசையில் இருந்து கதை கதையாகச் சொன்னாள், நான் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றேன், இவர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோயெலா உங்களைக் கேட்டவ அம்மா. தன்ரை ஆளின்ரை பங்கோடை மாமாவுக்கும் இன்னும் செருகிக்கொண்டுதான் இருக்கிறா. அவவுக்கு உங்களிலை கோவம்."

"ஏன்?"

"தன்ரை ஆள் ஒருநாளும் வரேல்லையாம், உங்கடை தம்பி வந்து வந்து சாப்பிட்டுட்டுப் போறாராம்." அபிரா சிரித்தாள். "அதிலை ஒரு பகிடி என்னெண்டால், மாமாவின்ரை பொதி மட்டும் எப்பவும் நனைஞ்சுதான் இருக்குமாம். சின்னப்பிள்ளையள் அந்த இலைக்குச் சண்டை பிடிக்குதுகள், நானே கண்டனான். உப்பாம். அங்கை உப்பு லேசிலை கிடையாது தானே, நக்குதுகள்."

"கூரை ஒழுகியிருக்கும்" என்றார் இவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மழைத் தண்ணி உப்புக் கரிக்குமோ அப்பா? கடல் அங்கையிருந்து எவ்வளவு தூரம்!"

இருவரும் சிரித்தார்கள். நான் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றேன். அவர்கள் சிரித்ததில் பிழை இல்லை, அவர்களுக்குத் தெரியாது. தயாவைக் கடைசியாகக் கண்ட ஒரு ஆள் இருக்கிறார், இப்போது பிரான்சில் இருக்கிறார், அவர் என்னோடு ஒரேயொரு தடவை போனில் கதைத்தார். வன்னியில் நந்திக்கடலுக்குள், நெஞ்சளவு உப்புத் தண்ணீரில், யாரோ ஒருவரின் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு தயா நடந்துகொண்டிருந்தானாம். பிறகு ஷெல் விழத் தொடங்கியது, நான் திரும்பிப் பார்க்கேல்லை அக்கா என்றார். இதை நான் இவரிடமும் சொல்லவில்லை, அபிராவிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நிமிடம் பேர்ணுக்குப் போன் போகும்.

நெஞ்சளவு தண்ணீரில் இறங்கினவர்கள் எத்தனையோ பேர் கரையேறினார்கள். இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்கிறேன், என் தம்பிக்கு நான் நிலத்தில் வைக்கமாட்டேன், ஐயர் வந்து சொன்னாலும் சரி, அரசாங்கம் கடுதாசி தந்தாலும் சரி. காட்டு நடுவில் அந்த இலை எப்படி நனைகிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல நடிக்கவும் மாட்டேன். ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறேன். தயாவுக்குக் கட்டுகிற சோற்றுக்கும் பருப்புக்கும் இப்போது நான் உப்புப் போடுவதில்லை.